தூரம்

படிவத்தில் பதினெட்டாம் கேள்வி:
ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்?

காப்பிப் பழம் பறித்துக் கறுத்த விரல்
சாமையில் கல் பொறுக்க,
தீர்த்தி சொன்னாள்:
'போறப்ப ஏழு தோள்.'

எனக்குப் புரியவில்லை.
சேலத்து முதல் பஸ்ஸில்
கொண்டை ஊசி வளைவுகளை எண்ணியபடி
சேர்வராயன் மலை ஏறியவள் நான்.

டோலி மூங்கில் தோள் மாறும் இடங்களாம்.
வழுக்குப் பாறை. ஒற்றைப் பலா.
எஸ்டேட் கேட்டில் மட்டும்
வாட்ச்மேன் சாவி தேடும்வரை
தரையில் கிடக்கணும், வலியோடு.

'வர்றப்ப?'

முறத்தை ஒருமுறை தட்டினாள்.
'வர்றப்ப தோள் மாத்தல.
சடையன் ஒருத்தனே
துண்டுல சுத்தி எடுத்தாந்தான்.
நான் பின்னால நடந்தேன்.'

கட்டத்தில் எண் மட்டும்தான் எழுதலாம்.
ஏழு என்று எழுதினேன்.

கீழே, மேஜையில்,
கிலோமீட்டர் என்று படிப்பார்கள்.