கல் எடுத்த இடம்

மூன்று கிலோமீட்டர் பாலம். ஒரு வண்டிக்குத்தான் இடம்.
எதிரே இன்னொன்று வந்தால்
யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டும்.
யாரென்று ஹாரன்கள் பேசி முடிவு செய்யும்.
நான் சைக்கிளில் வந்தேன். யாருக்கும் நிற்கவில்லை.
பையில் நூற்றுப்பத்துப் படிவங்கள், நீலப் பேனா இரண்டு,
தலையில் அரசாங்கம் கொடுத்த தொப்பி,
காதுவரை இறங்குகிறது.

மொசாம்பிக் தீவு.
ஒரு கரையில் தும்மினால்
மறுகரையில் நலம் கேட்பார்கள், அவ்வளவு அகலம்.

வடக்கில் கல்நகரம்.
தூண் வைத்த ஆஸ்பத்திரி, கதவு மட்டும் மிச்சமான மாளிகைகள்,
ஜன்னல் வழியே வெளியே சாய்ந்து
தெருவைப் பார்க்கும் அத்திமரங்கள்.
வசிப்போர்: இல்லை. வசிப்போர்: இல்லை.
வசிப்போர்: ஒருவர்.
சுவாலே, காவலாளி. சம்பளம் வந்து பதினோரு மாதம்.
எதைக் காக்கிறீர்கள் என்று படிவம் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
நடனக்கூடத்தில் ஏழு ஆடுகள்.
பளிங்குத் தரையில் அவற்றின் குளம்புகள்
வழுக்கி வழுக்கி நடந்தன.

அடுத்த தெருவில் கோயில் மணி அடிக்க
மிஞ்சியிருப்பவர் ஹர்கிஷன்தாஸ்.
தாய்மொழி?
"கணக்கு குஜராத்தியில். சண்டை மகுவாவில்.
விண்ணப்பம் போர்த்துக்கீசியத்தில்."
ஒரு கட்டம்தான் இருக்கிறது என்றேன்.
"அப்படியானால் சண்டையைப் போடு,
அதில்தான் பொய் சொல்வதில்லை."

பிறகு சாலை தெற்கே போகிறது,
சாலை மட்டும்தான் போகிறது.
ஊர் இறங்கிவிடுகிறது.
நின்றபடியே குனிந்து
ஒரு கூரையின் கீற்றைத் தொட்டேன்.
ஆடு ஒன்று தெருவிலிருந்து நேரே கூரைக்கு நடந்தது,
கீழே யாரோ அதை வைதார்கள்.

வடக்கின் சுவர்களுக்கு
இங்கேதான் வெட்டினார்கள்.
அங்கே நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு மாடியும்
இங்கே பள்ளமாகப் படுத்திருக்கிறது.
மழை வந்தால்
தண்ணீருக்கு யாரும் வழி சொல்லவேண்டாம்.
தரைமட்டத்துக்கு மேல் எத்தனை தளம்?
கோடு போட்டேன்.

அன்ஷாவின் முகத்தில் வெள்ளை முசீரோ
காய்ந்துகொண்டிருந்தது.
பேசினால் வெடிக்குமென்று விரலால் பதில் சொன்னாள்:
நான்கு. யோசித்து, ஐந்து.
வயிற்றைத் தொட்டு, பாதி விரல்.
நேற்றிரவு இந்த வீட்டில் தூங்கியவர்களை மட்டும்
எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அம்மா.
உங்கள் கணவர் கடலில்.
வாயைத் திறந்தாள். கன்னம் விரிசல் விட்டது.
"அவன் கடலில் தூங்குவான் என்று
உனக்கு யார் சொன்னது?"
எழுதினேன்: நசீபு, முப்பத்தொன்று, மீனவர்,
தூங்கவில்லை.

நீர் வற்றிய கரையில் பையன்கள் குனிந்திருந்தார்கள்.
உடைந்த கப்பல்களின் கண்ணாடி மணிகளை
மணலிலிருந்து பொறுக்குகிறார்கள்,
சிவப்பு, கடல்பச்சை, மிளகைவிடச் சின்னது.
ஒரு காலத்தில் இவற்றை எண்ணிக் கொடுத்து
மனிதர்களை எண்ணி வாங்கினார்கள்.
அபுடோ ஒரு கை மணிக்கு ஒரு ரொட்டி கேட்டான்.
ரொட்டி என்னிடம் இருந்தது. கொடுத்தேன்.
மணிகளை வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை.
அவனுக்குக் கோபம்:
"நான் பிச்சையா கேட்டேன்?"

கடைசி வீட்டில் பதினான்கு பேர்.
எரிந்த ஊர்களிலிருந்து, வடக்கேயிருந்து வந்தவர்கள்;
பிறந்த இடம் கேட்டால்
தண்ணீரைக் காட்டுகிறார்கள்.
படிவத்தில் பத்து வரி.
பதினோராவதாக நின்ற சிறுமி
தன் பெயர் ஏறுகிறதா என்று
என் பேனாவையே பார்த்தாள்.
தாளைத் திருப்பினேன். பின்பக்கம் காலி.
ழைனா, என்றாள். எழுத்துக் கூட்டியும் சொன்னாள்.

திரும்பும்போது பாலத்தில் லாரி.
முதுகு நிறையக் கல், அக்கரையிலிருந்து,
ஏதோ மாளிகையைச் செப்பனிட.
ஒதுங்கி நின்றேன்.
கல் மெதுவாகத்தான் கடந்தது.
அங்கே ஏதோ ஒரு ஊர்
ஓரடி இறங்கியிருக்கும்.
ஓட்டுநர் கையசைத்தான்.
தொப்பியைத் தூக்கிக்கொண்டு
நானும்.