பத்தரை மணிச் செய்மதி

நிலவிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற,
மனிதன் கட்டிய ஒரே பொருள் எது?
கொட்டாஞ்சேனை மண்டபத்தில்
குயின்ரஸ் மாஸ்டர் மணியடித்துக் கேட்டார்.
"ஒன்றுமில்லை" என்றேன்.
சனம் சிரித்தது.
அட்டையில் சீனப் பெருஞ்சுவர் என்றிருந்தது.
தேர்மோஸ் போத்தல் எதிர் மேசைக்குப் போயிற்று.
ஊதா நிறம், மூடியில் ஒரு கிளி.
தொண்ணூற்றி மூன்றாம் ஆண்டு.

இப்போது எனக்கு நாரஹேன்பிட்டியில் வேலை,
செய்மதிப் படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்து
கரை எவ்வளவு நகர்ந்ததென்று அளப்பது.
மாலையில் காலிமுகத்திடல்.
நிஸ்தார் எண்ணெயிலிருந்து இறால் வடையை அள்ளிய கையோடு
தாமரைக் கோபுரத்தைக் கரண்டியால் காட்டினான்:
"இது நிலவுக்கும் தெரியுமாமே மிஸ்?"

பழைய காயம். விட முடியவில்லை.

ஆட்கள் தங்குகிற அந்த நிலையம் தூரமில்லை நிஸ்தார்,
றோட்டை நிமிர்த்தி வைத்தால் யாழ்ப்பாணம் போகிற தூரம்தான்.
(பாதை பூட்டிக் கிடந்த வருஷங்களில்
யாழ்ப்பாணம் நிலவைவிடத் தூரம்.
அதை அவனிடம் சொல்லவில்லை.)
நீளம் உதவாது, கண்ணுக்கு அகலம் வேண்டும்.
சுவரோ ஒரு லொறியின் நீளமளவுகூட அகலமில்லை,
நிறமும் பக்கத்து மண்ணின் நிறம்.
ஐந்து எட்டுத் தள்ளிக் கறுப்புத் துணியில் கிடக்கும்
ஒற்றைக் கறுப்பு மயிர்.
நிலவிலிருந்து என்றால்
கோட்டையில் உதிர்ந்த மயிரைக்
கொள்ளுப்பிட்டியில் நின்று தேடுகிற வேலை.
ஒருத்தரும் மேலே போக முன்னமே
எவனோ எழுதிவிட்டுப் போன வசனம்.

"அப்ப ஒண்டுமே தெரியாதா?"

தெரியும். இரவில் முழுக் கொழும்பும் தெரியும்,
தட்டுப்பட்டுக் கொட்டிய மஞ்சள் தூள் போல.
கணவாய்க்குப் போன படகுகளின் விளக்குத் தெரியும்.
மின்சாரம் வெட்டிய வருஷம்
துண்டு துண்டாய்க் காணாமற் போயிருப்போம்.
மன்னாருக்கு அப்பால் மணல்திட்டுகள் தெரியும்,
கட்டியது யாரென்று தண்ணீரில் எழுதியிராது.
பகலில், அதோ,
மணல் கொட்டி எடுத்த துறைமுக நகரின் விளிம்பு.
கடல் ஒருநாளும் அடிமட்டம் வைத்துக் கோடு போடாது,
அதனால் அது பிடிபட்டுவிடும்.

"என்ட வண்டி?"

கண்ணுக்கு இல்லை. கமராவுக்கு உண்டு.
இரண்டையும் குழப்பித்தான் பாதிக் கதைகள்.
உன் சிவப்புக் குடை
படத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டம் வரும்.
ஆனால் எங்கள் செய்மதி கொழும்பைக் கடப்பது
காலை பத்தரைக்கு.
அந்நேரம் நீ கொம்பனித்தெருவில் இறால் உரிக்கிறாய்.
ஆறு வருஷப் படங்களில் உன் இடத்தில்
வெறும் சீமெந்து,
ஒரு கம்பத்தின் நிழல்.

அவன் பேசவில்லை.
வடைக்கு மேல் வெங்காயத்தைக் கூடுதலாகவே அள்ளிப் போட்டான்.
பிறகு,
அடுத்தது எத்தனையாந் திகதி என்றான்.

பதினேழாந் திகதி, வியாழன்.
பத்தேகாலுக்கே வண்டியைத் தள்ளிவந்து குடையை விரித்து
இஸ்திரி போட்ட சேட்டோடு நின்றானாம்.
அடுப்பு மூட்டவில்லை.
"சரியான வெயில் மிஸ். ஆனா நல்ல காலம்,
பத்தரைக்குக் கொஞ்சம் நிழல் வந்தது."

படம் முந்தின நாளே வந்துவிட்டிருந்தது.
துறைமுகம் துலக்கம், வெள்ளவத்தைக் கரை துலக்கம்.
திடலுக்கு மேலே மட்டும்
உள்ளங்கையளவு முகில்.

"தெரிஞ்சதா?"

சரியான விடை சொல்லி
ஒரு போத்தலை இழந்தவள் நான்.
எண்ணெய் கொதிக்கிற சத்தம்.
பின்னால் வரிசையில் ஆட்கள்.

"தெரிந்தது" என்றேன். "சிவப்பாக."

காசு வாங்க மாட்டேனென்றான்.
அடுத்து நின்ற பெடியனுக்கு வடையை நீட்டியபடி
"இந்த வண்டி வானத்திலயிருந்து தெரியும்" என்றான்.
அதற்கடுத்த ஆளுக்கு,
குடையை ஒரு சாண் உயர்த்திவிட்டு,
"நிலவிலயிருந்து."