பற்று வரவு

திருக்கடலூர் மீனவர் சங்கத்தில்
இருபத்தாறு வருடமாகப் பேரேடு எழுதுகிறேன்.
இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.
ஐஸ்கட்டி, மண்ணெண்ணெய், நைலோன் நூல்,
இறந்தவர் பேரில் நிலுவை.
ஒரு சதம் இடித்தாலும் எனக்கு நித்திரை வராது.

அந்த ஞாயிறு, போயா.
கடல் வீட்டுக்குள் வந்தபோது
என் வலக்கையில் ஒரு கதவு,
இடக்கையில் தங்கை நிரோஜினி.
நீல வர்ணக் கதவு. வெள்ளையில் 14/2 என்று இலக்கம்.
யாருடைய வீடோ தன் வாசலைக் கழற்றி
எனக்கு அனுப்பியிருந்தது.

பிறகு ஒரு கை மட்டும் கனத்தது.

போயா என்று சும்மா நின்ற மீன் லொறியின் கூரையில்
கந்தளாய்ச் சோமவீர குப்புறப் படுத்துக் கை நீட்டினார்.
பிடித்தேன்.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் அதே திகதியில்
கந்தளாய்க்கு பஸ் ஏறுவேன்.
ஒரு சாரம், இரண்டு கிலோ பாரைக் கருவாடு,
அவர் மனைவி குசுமாவுக்கு ஏதாவது சீத்தைத் துணி.
நன்றியோடு கடன் என்ற சொல்லை
எந்தப் பாவி ஒட்டிவைத்தானோ,
கொடுக்கக் கொடுக்க வட்டி வளர்ந்தது.

பதினெட்டாம் வருடம் அவர் கருவாட்டைத் திருப்பித் தந்தார்.
"இனி வேணாம் தங்கச்சி.
நான் கை நீட்டினது மட்டும். பிடிச்சது நீங்க."
பெருந்தன்மையாகத்தான் சொன்னார்.
பஸ் தம்பலகாமச் சந்தி தாண்டும்போது குத்தத் தொடங்கிற்று:
பிடித்தது நான் என்றால்
விட்டதும் நானா?

ஒரு வருடம் என் இடக்கையை நான் பார்க்கவில்லை.
பார்க்காமலே அதற்குச் சவர்க்காரம் போட்டேன்.

பெரியகுளத்து வெல்கம் விகாரையில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது,
வாசித்துச் சொல்லுங்கள் என்று
குசுமாதான் கூட்டிப்போனாள்.
எழுத்து எனக்கு முழுதாய்ப் பிடிபடவில்லை.
தெரிந்ததைச் சொன்னேன்: ஒரு விளக்கு. பசுக்கள்.
கொடுத்தவன் பெயர்.
கணக்குப்பிள்ளைப் புத்தி. கல்லைச் சுற்றி வந்து பார்த்தேன்,
அவனுக்கு வந்தது எங்கே எழுதியிருக்கிறது என்று.
வெறுங்கல். மேலே ஒரு ஓணான்.

அரசடியில் வெற்றிலை மடித்தபடி குசுமா சொன்னாள்,
ஞானம் கிடைத்த பிறகு அவர்
நிழல் தந்த மரத்தை ஏழு நாள் இமைக்காமல் பார்த்தாராம்.
"மரத்துக்கு என்ன குடுத்தார்?" என்றேன்.
யோசித்தாள். "பார்த்தார்."
"பிறகு?"
"பிறகு போயிட்டார்."

நினைத்துச் செய்வதுதான் வினை என்பதும்
அவள் அன்று பாதித் தமிழில் சொன்னதுதான்.
எனக்காகச் சொன்னாளா, தெரியாது.
இடக்கையை மடியில் எடுத்து வைத்தேன்.
பற்று என்று எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்,
அது விரல்களின் வேலை என்று ஒருநாளும் தோன்றியதில்லை.
விடு என்று நான் இந்தக் கைக்குச் சொல்லவில்லை.
தண்ணீர்தான் வந்து
ஒவ்வொரு விரலாக எண்ணிக் கழித்தது.
ஐந்து.

அசல் அப்படியே இருக்கிறது.
நிரோஜினி வரமாட்டாள்; மாரியில் அழுகை வரும்.
அதன்மேல் நானே போட்டிருந்த வட்டியை மட்டும்
தள்ளுபடி செய்தேன்.
அதற்கு வேறு எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

கதவு இத்தனை காலமும் என் அறைச் சுவரில் சாய்ந்து நின்றது.
14/2 என்று எத்தனையோ ஒழுங்கைகளில் கேட்டுவிட்டேன்.
அதற்குப் பூ வைத்ததும் உண்டு.
போன கிழமை தச்சன் றெஜினோல்ட்டைக் கூப்பிட்டு
சங்கத்தின் வலைக் கொட்டிலுக்குப் பூட்டச் சொன்னேன்.
புதுப் பிணைச்சல் மூன்று. இலக்கத்தை அழிக்க விடவில்லை.
மழைக்கு ஊதி, தூக்கி இழுத்தால்தான் சாத்துகிறது.
விடியப்புறம் வலை எடுக்க வருகிறவர்கள்
காலால் உதைக்கிறார்கள்.
திறக்கிறது.