கண்ணைச் சுற்றிய கறுப்பு

மூன்று வருடமாக வக்கீட்டாவை வரைகிறேன்,
ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.
சான் ஃபெலிபே கடலில் இப்போது
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
சின்னப் பசு என்று அர்த்தம் பெயருக்கு;
எந்தப் பசுவும் இப்படி ஒளிந்ததில்லை.
கிடைத்த புகைப்படங்களில்
ஒரு முதுகு, ஒரு துடுப்பு,
அப்புறம் வெறும் தண்ணீர்.

முடிந்தது என்று நினைத்த படத்தை
ஐஸ் கிடங்குச் சுவரில் சாய்த்து வைத்தேன்.
ஏலத்துக்கு ஒன்பது நாள்.
இறால் எடை போட வந்தவர்கள்
தத்ரூபம் என்றார்கள்,
மூச்சு விடுகிறது என்றார்கள்.
ஹசிந்தோ மட்டும் தொப்பியைக் கழற்றினார்.

"கண்ணைச் சுற்றி இவ்வளவு வட்டமாக இருக்காது.
கீழே கொஞ்சம் வழிந்திருக்கும்,
அழுத பெண்ணின் மை மாதிரி.
உதட்டுக் கறுப்பு முடியும் இடத்தில்
சிரிக்கத் தொடங்கி நிறுத்தியதுபோல ஒரு வளைவு."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
கடலில் மூழ்கி மூழ்கி மறையும் ஒன்றின் முகம்
மீனவன் கைக்கு எந்த வழியாக வரும்
என்று தெரியாதவளா நான்?

தொதொவாபாவுக்குப் போட்ட செவுள் வலை.
விடியுமுன் இழுத்திருக்கிறார்கள்.
கன்று.
"என் மகள் பிறந்தன்று தூக்கினேனே,
அதைவிடக் கனம்.
சூடு ஆறவில்லை.
டார்ச் அடித்துப் பார்த்தேன்,
எதற்கு அடித்தேன் என்று இன்றுவரை தெரியாது.
திரும்பத் தண்ணீரிலேயே விட்டோம்.
பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை."

அடுத்த நான்கு இரவும் வந்தார்.
மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து
புகைத்தபடி சொல்வார்:
இன்னும் சாம்பல்.
அவ்வளவு இல்லை.
அங்கே, ஆமாம், அங்கே.
கடைசி இரவு ஒன்றும் சொல்லவில்லை.
சிகரெட் விரலைச் சுட்டது,
உதறக்கூட இல்லை.

தீஹுவானாவில் ஒரு பல் மருத்துவர் வாங்கினார்.
அந்தப் பணத்தில் ஆறு வலை,
செவுளில் மாட்டாத ரகம்,
மீதியில் ஒரு பழைய மோட்டார்.
ஹசிந்தோவுக்கு ஒரு வலை கிடைத்தது.
பாதி இறால்தான் விழுகிறது என்று
தினமும் என்னைத் திட்டுகிறார்,
தினமும் அதையே எடுத்துப் போகிறார்.
பக்கத்துப் படகுகளில்
பழைய வலைதான் இன்னும்.

பல் மருத்துவர் கடிதம் போட்டிருந்தார்:
வரவேற்பறையில் மாட்டியிருக்கிறேன்,
நோயாளிகள் அதன் கண்ணையே பார்க்கிறார்கள்,
மிக அருகில் போய்ப் பார்த்தீர்களோ?

இரண்டு சொல்லில் பதில் எழுதினேன்:
நான் இல்லை.