ரொட்டிப் பையில் வந்தவை

காலை ஆறரைக்கு நான் ஹாரன் அடிப்பதில்லை.
சோவரெய்டாவில் எழுப்ப மிஞ்சியிருப்பவை
பதினேழு கதவுகள்.
ஒவ்வொரு கைப்பிடியிலும் துணிப்பை தொங்கும்,
உள்ளே சில்லறை, எப்போதாவது ஒரு சீட்டு:
"நாளைக்கு இரண்டு. மகன் வருகிறான்."
மறுநாள் அதே கையெழுத்தில்:
"ஒன்றே போதும்."

பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறந்து
அக்டோபரில் ஒரு ஸ்கேனர் வைத்தார்கள்.
பழைய படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று
பூசை முடிவில் பாதிரியார் சொன்னார்.
யாரும் போகவில்லை.
மழை, முழங்கால், கன்றுபோடும் மாடு.

பிறகொரு புதன்கிழமை
எர்மித்தாஸ் வீட்டுப் பையில்
காசுக்கடியில் கனமாக ஒன்று.
அட்டையில் ஒட்டிய கல்யாணப் படம்.
பெண்ணுக்குப் பக்கத்தில் நாற்காலி,
நாற்காலியின் மேல் ஒரு தொப்பி.
மாப்பிள்ளை அப்போது புவனோஸ் அய்ரஸில்
கசாப்புக்கடையில் வேலையாக இருந்தாராம்.
மாவு படாமல் முன்சீட்டில் வைத்தேன்,
வளைவுகள் அதிகம் என்பதால்
பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

ஒரு வாரத்தில் எல்லாப் பைகளும் கனத்தன.
பிஸ்கட் டின்னோடு தொங்கவிட்டவர்கள் உண்டு.
பள்ளிக்கூடத்துப் பையன் கேட்ட தாளை
நான்தான் கதவுகளில் நின்று நிரப்பினேன்.
ஆண்டு: பன்றிகளுக்கு நோய் வந்த வருஷம்.
இடம்: அத்திமரத்துக்கு எதிரே, எந்த அத்தி என்று கேட்காதே.
பெயர்: அவனைப் பற்றிப் பேசாதே.

ஒரு படத்தில்
சவப்பெட்டியைச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள்,
கிழவர் மீசை சீவிப் படுத்திருக்கிறார்.
சுற்றி நிற்கும் இருபத்தோரு பேரில்
ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.
எல்லாக் கண்ணும் காமிராவில்.
செலவுக்குப் பணம் அனுப்பிய மகனுக்குக்
காட்டவேண்டுமே,
நல்ல மரம்தான், பித்தளைப் பிடிதான் என்று.
கப்பலேறியது ஒரு பிரதி.
இங்கே தங்கியதன் முதுகில்
பென்சில் கணக்கு: மெழுகுவர்த்தி, பாதிரி, கோழி.

டெல்மீரோ பசுவின் படம் கொடுத்தார்.
சந்தையில் பரிசு வாங்கிய பசு, கொம்பில் ரிப்பன்.
பையன் அதைத் திரையில் பெரிதாக்கியபோது
ஹெனெரோசா கண்ணாடியை மாற்றிப் போட்டாள்.
பசுவின் வாலுக்குப் பின்னால் கல்சுவர்.
சுவருக்கு அந்தப் பக்கம்,
அவள் வீட்டுப் பக்கம்,
செஸ்நட் மரம்.
முப்பத்திரண்டு வருஷ வழக்கு.
இரண்டு வக்கீல்கள் செத்தாயிற்று.
இன்று அந்த மரம் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறது.
மரங்கள் நடப்பதில்லை.

அறையில் ஸ்கேனர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
ஹெனெரோசா ஒன்றும் சொல்லாமல்
குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் டெல்மீரோவின் பையில் சீட்டு:
"ரொட்டி வேண்டாம். பசுவைக் கொடு."
கொடுத்தேன்.
பையன் பிரதியை அழிக்கவில்லை,
வாலோடு வெட்டிவிடலாமா என்று என்னைக் கேட்டான்.
நான் ரொட்டிக்காரி. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வருபவள்.
எனக்கு இங்கே சுவரும் இல்லை, மரமும் இல்லை.
வெட்டாதே என்றேன்.

நவம்பரில்
ஹெனெரோசா சுவரேறிக் குதித்து,
எழுபத்தாறு வயதில்,
மரத்தடியில் பொறுக்கினாள், பகல் வெளிச்சத்தில்.
டெல்மீரோ ஜன்னலைச் சாத்தினார்.
அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.
அடுத்த திங்கள் அவர் பையில்
பழையபடி சில்லறை இருந்தது.

பள்ளிக்கூடச் சுவரில் இப்போது பசு தொங்குகிறது.
ஆண்டைப் பற்றி மூன்று கட்சி.
பசுவின் பெயரைப் பற்றி இரண்டு.
காலியாக விட்டிருந்த கட்டத்தை
உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
படத்தின் ஓரத்தில் பாதிக் கதவு,
கைப்பிடியில் ஒரு பை,
தட்டையாக, காற்றில் லேசாகத் திரும்பி.

பென்சிலை வாங்கி எழுதினேன்.
நேரம்: ரொட்டி வருவதற்கு முன்.
அதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.