பதினொன்றாவது எண்

மதகு திறக்க நாற்பது நிமிடம்.
அதற்குள் பதினேழு எண்களை அழைத்தாக வேண்டும்.
விதி, சுவரில்
பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குகிறது.

மூன்று நாளாய் மலையில் மழை.
சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே
தெமாலா ஆறு மூச்சைப் பிடித்து நிற்கிறது.
மூன்று டர்பைனும் ஓடுகின்றன.
இதற்கு மேல் குடிக்க
அவற்றுக்கு வயிறில்லை.

முதல் எண், காவல் நிலையம்.
இரண்டாவது பள்ளிவாசல்.
“மதகா?” என்றார் பிலால்.
நான் ஆமென்பதற்குள்
ஒலிபெருக்கியைச் செருகும் சத்தம்.
மூன்றாவது, மணல் அள்ளும் ஆ லெக்.
“எத்தனை அடி?”
“நாலு.”
ஹொக்கியனில் ஒரு கெட்ட வார்த்தை.
நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறாவது, தமிழ்ப்பள்ளி.
பள்ளி பட்டணத்து மேட்டுக்குப் போய்
எட்டு வருஷம். எண் மட்டும் கூடவே போனது.
“இங்கே ஆறே இல்லியேம்மா” என்பார்
ஒவ்வொரு முறையும் தலைமையாசிரியை,
அப்புறம் குரல் தாழ்த்தி,
“பிள்ளைங்க எல்லாம் போயாச்சு, பயப்படாத.”

ஏழு முதல் பதினொன்று வரை
செலாசே தோட்டம். ஐந்து பிரிவு, ஐந்து எண்.
இந்த எண் பயன்பாட்டில் இல்லை
என்று மலாயில் சொல்லும் அந்தப் பெண்ணை
ஒன்பது வருஷமாய்த் தெரியும் எனக்கு.
லயத்தை இடித்தாயிற்று, மரத்தைச் சாய்த்தாயிற்று,
பட்டியலிலிருந்து அடிக்க மட்டும்
ஒரு கடிதம் வேண்டும், கடிதத்துக்கு ஒரு கூட்டம்.
பதில்: இல்லை. பதில்: இல்லை.
எழுதிக்கொண்டே போகிறேன்.

நான் அந்தத் தோட்டத்தவள்.
மழை பெய்தால் மங்கில் பால் பொங்கி
வெள்ளைத் தண்ணீராய் வழியும்.
அன்று பெரட்டு இல்லை, கூலி இல்லை.
அதே மழைக்கு இங்கே
மீட்டர் முள் குதித்திருக்கும்.
எங்கள் கூரைக்கு மேலேதான் போயின கம்பிகள்,
நாலுகால் இரும்பு நிரைக்கு நிரை நடந்து.
எங்களுக்கோ பத்து மணிக்கு
துரை அணைக்கும் ஜெனரேட்டர்.
கம்பிக்குக் கீழே டியூப் லைட்டைப் பிடித்தால்
தானே மினுங்கும் என்று யாரோ சொல்ல
ஒரு ராத்திரி பிடித்துப் பார்த்தோம்.
மினுங்கியது.
கட்டணமில்லாத, நீலம் பாய்ந்த,
முகம் தெரியாத வெளிச்சம்.

பதினொன்று: கீழ்ப்பிரிவு ஆபீஸ்.
மணி அடித்தது.

அடிக்கக் கூடாத மணி.

“ஹலோ?” இளைய குரல்.
மலாய் அவனுக்கும் இரவல்.
காண்ட்ராக்டர் போன வாரம் போட்ட தொலைபேசியாம்,
பழைய கம்பம், பழைய கம்பி.
செம்பனை நட வந்தவர்கள்,
ஆற்றோரம் கொங்சி வீடு,
இருபத்தாறு பேர்.
எந்தப் பட்டியலிலும் இல்லாத இருபத்தாறு.
பின்னால் எண்ணெயில் எதுவோ பொரியும் சத்தம்.

அடுப்பை அணை, எல்லாரும் மேட்டுக்குப் போங்கள் என்றேன்.
“எந்த மேடு, அக்கா?”
அக்கா என்ற சொல்லை அவனுக்கு
எந்தக் கடைக்காரர் கற்றுத் தந்தாரோ.

எனக்குத் தெரியும் எந்த மேடு.
வலப்பக்கம் சாக்கடையைத் தாண்டு,
இரண்டு பலாமரம் வரும்.
வெட்டியிருந்தால் அடிக்கட்டை இருக்கும்.
அங்கிருந்து நேரே ஏறு.
பால் ஸ்டோர் இருந்த இடம், சிமெண்டுத் தொட்டி
உடைக்க முடியாமல் விட்டிருப்பார்கள்.
அதைத் தொடும்வரை நிற்காதே.

“தொட்டி,” என்றான்.
“தொட்டி,” என்றேன்.

ரஷ்டான் கடிகாரத்தைக் காட்டுகிறான்.
இன்னும் ஆறு எண், பதினான்கு நிமிடம்.
மதகு எனக்காக நிற்காது.
நிற்கச் சொல்லும் பதவியும் எனக்கில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
கீழ்ப்பிரிவு. பதில்: உண்டு. 26.
பெயர் என்ற கட்டம் காலியாய்க் கிடக்கிறது,
கேட்க மறந்துவிட்டேன்.
அழைத்தவர்: வசந்தமாலா த/பெ குப்புராஜ்.

கடைசி எண்ணையும் முடித்துவிட்டு,
விதியில் இல்லாத ஒன்றாய்,
பதினொன்றை மறுபடி அழைத்தேன்.
மணி அடித்தது. அடித்தது.
யாரும் எடுக்காதே, யாரும் எடுக்காதே
என்று பல்லைக் கடித்துக்கொண்டு
கேட்டுக்கொண்டே இருந்தேன்,
வெளியே சைரன் தொடங்கும்வரை.