பென்சன் புள்ளி

முதலில் ஒரு வருசம் பிரிந்திருக்க வேணும்.
வேறு வீடு எடுக்கக் காசில்லை என்றேன்.
ஒரே வீட்டுக்குள்ளும் பிரியலாம் என்றார்
வழக்கறிஞர் திருமதி ஓஸ்டர்காம்ப்.
மேசையும் கட்டிலும் வேறாக இருந்தால் போதுமாம்.

வூப்பர்டாலில், இரண்டாம் மாடியில்,
பிரிட்ஜை நடுவால் பிரித்தேன்.
மேல்தட்டு எனக்கு. கீழ்த்தட்டு தயாபரனுக்கு.
முட்டைக் குழிகளில் ஆறு எனது, நான்கு அவருடையது.
ஏன் அப்படி என்று எனக்கும் தெரியாது.

அவருடைய சேர்ட்டைத் தோய்க்கக் கூடாது.
ஒரு சட்டிச் சொதியை
இரண்டு பேரும் தொட்டால்
வருசம் திரும்ப முதலிலிருந்து தொடங்குமோ
என்று பயந்தேன்.
மார்ச்சில் அவருக்குக் காய்ச்சல்.
கொத்தமல்லி அவித்துக் கதவடியில் வைத்துவிட்டு
வழக்கறிஞருக்குப் போன் எடுத்தேன்:
இது கணக்கில் வருமா?
வராது, வருத்தக்காரருக்குக் கொடுக்கலாம் என்றார்.
அந்த நான்கு நிமிடத்துக்கும் பிறகு பில் வந்தது.

அடுத்தது படிவம்.
கலியாணத்தன்று உங்களிடம் என்ன இருந்தது?
காப்பு ஆறு சோடி. அம்மா போட்டது.
அத்தாட்சி?
கலியாணப் படம்தான்.
நகை தெரியத்தானே எல்லாரும் படம் எடுக்கிறது.
பெருப்பித்து நகலெடுத்தபோது
முகங்கள் வெட்டுப்பட்டன.
என் இரண்டு கைகள் மட்டும்
கோப்புக்குள் போயின.

சீட்டுக் காசு?
ஒன்பது வருசம், மாதம் இருநூறு யூரோ.
எழுத்தில்?
ரோகிணியக்காவின் கொப்பியில்.
"என்னை ஏன் பிள்ளை கோட்டுக்கு இழுக்கிறாய்"
என்று அக்கா கொப்பியைக் கிழித்துவிட்டா.
அது கட்டவேயில்லாத காசாகிவிட்டது.

நான் நாலரைக்கு எழும்புவேன்.
தொங்கு ரயிலில் போய்
காப்புறுதிக் கம்பனியின் ஆறு மாடி துடைப்பேன்.
பதினேழு வருசம். பதிந்த வேலை.
வருசத்துக்கு அரைப் புள்ளி, சில வருசம் அதற்குக் கொஞ்சம் மேல்,
மொத்தம் ஒன்பது தசம் நாலு.
அவர் உணவகக் குசினியில் இரவிரவாக நின்றவர்.
கையில் காசு, புத்தகத்தில் ஒன்றுமில்லை.
அவருக்கு இரண்டு தசம் ஒன்று.

நான் நினைத்திருந்தேன்,
ஏதாவது எனக்கு வரும் என்று.
திருமதி ஓஸ்டர்காம்ப் கல்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால்
நான்தான் கொடுக்க வேணும்.
மூன்று தசம் ஆறு ஐந்து.

மறுக்கலாம், என்றார்.
அவர் களவாக வேலை செய்ததை எழுதிக் கொடுங்கள்.
ஆனால் வரிக் கந்தோரும் வாசிக்கும்.
அந்தக் காசில் நீங்களும் சாப்பிட்டீர்கள்தானே என்று
மற்றப் பக்கம் கேட்கும்.
சாப்பிட்டேன்தான்.
மகளின் பல்லுக்குக் கம்பி கட்டியதும் அந்தக் காசுதான்.
பேனை மேசையில் கிடந்தது.
அதைத் தொடாமல் எழும்பி வந்தேன்.
நல்ல மனசால் இல்லை.
எனக்கு அடுத்த பஸ் நாலு பத்துக்கு.

நீதிமன்றத்தில் ஒன்பது நிமிடம்.
நீதிபதிக்குத் தடிமன்.
உங்கள் திருமணம் என்று தொடங்கி
ஏதோ சொன்னார்.
மொழிபெயர்ப்பாளப் பெடியன் திணறினான்.
"தோத்துப் போச்சாம் அக்கா,
இல்லை, முறிஞ்சு போச்சாம்.
என்ன சொல்ல?"
இரண்டும் எழுது தம்பி என்றேன்.
தயாபரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எனக்கும் கொஞ்சம்.

பென்சன் கந்தோரின் கடிதம் நேற்று வந்தது.
கழித்தாயிற்று.
இன்று வாளியோடு லிப்டில் ஏறும்போது
கணக்குப் பார்த்தேன்:
ஆறில் இரண்டு மாடியும்
கொஞ்சம் படிக்கட்டும் அவருக்கு.
எந்த மாடிகள் என்று கடிதத்தில் இல்லை.
நாலாம் மாடியைக் கொடுக்க மனமில்லை.
அங்கே யன்னல் பெரிது,
விடியும்போது ஆறு தெரியும்.